ராஜ்மா முளையும் நின்றுபோன மாதவிடாயும்: பச்சை உணவுக்கு மாறிய வாசகிக்குப் பதில்

வாசகிக்கு 38 வயது. கணவருக்கு 44, சர்க்கரை நோய்க்காக ஆறு வருடமாக மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எடுத்துக்கொள்கிறார். மாத்திரையைக் குறைக்கலாம் என்ற நம்பிக்கையில் இணையவழிப் பயிற்சி ஒன்றில் சேர்ந்து, நான்கு மாதமாக அடுப்பைக் கிட்டத்தட்ட மூடிவிட்டார்கள். முளைகட்டிய பயறு, பாதாம் பால், புளிக்கவைத்த முட்டைக்கோஸ், உலர்த்தியில் 42 டிகிரியில் காயவைத்த விதை ரொட்டி, கீரைச் சாறு, இவைதான் மூன்று வேளையும். வீட்டில் நான்கு வயது மகள் இருக்கிறாள். எழுபதைத் தாண்டிய மாமியாருக்கு ரத்த அழுத்தம் உண்டு. ஐந்து மாதக் கர்ப்பிணியான நாத்தனார் சில வாரம் தங்க வருகிறார்.

மூன்று வாரத்துக்கு முன் முளைகட்டிய ராஜ்மாவை சாலட்டில் கலந்து சாப்பிட்ட பெரியவர்கள் மூவருக்கும் இரண்டு மணி நேரத்துக்குள் கடும் வாந்தி, பிறகு வயிற்றுப்போக்கு. அன்று ராத்திரியே அடங்கிவிட்டது. "உடம்பில் சேர்ந்த நச்சு வெளியேறுகிறது, நல்ல அறிகுறி" என்றாராம் பயிற்சியாளர். வாசகிக்கு எட்டு கிலோ குறைந்திருக்கிறது, இரண்டு மாதமாக மாதவிடாய் வரவில்லை. முள்ளங்கி முளையில் வெள்ளைப் பஞ்சு, கோஸ் ஜாடியில் வெள்ளை ஏடு என்று சமையலறைக் கவலைகளும் இருக்கின்றன. "சமைத்தால் என்சைம் எல்லாம் செத்துவிடும் என்கிறார்கள். நாங்கள் செய்வதில் எங்கே தப்பு? தொடர்வதா, விடுவதா?" என்று கேட்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

அந்த ராத்திரியிலிருந்து தொடங்குகிறேன். அன்று உடம்பிலிருந்து எந்த நச்சும் வெளியேறவில்லை. ராஜ்மா வழியாக ஒரு நச்சு உள்ளே போனது. ராஜ்மாவில் ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்ற லெக்டின் புரதம் நிறைய இருக்கிறது. பச்சையாக நான்கைந்து கொட்டை போதும், ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் குமட்டலும் வாந்தியும் வந்துவிடும், அதன் பின்னால் வயிற்றுப்போக்கு. பெரும்பாலானவர்களுக்குச் சில மணி நேரத்தில் தானாக அடங்கும். நீங்கள் எழுதியிருப்பது வரிக்கு வரி இதுதான். ஊறவைப்பதும் முளைகட்டுவதும் இந்த நச்சைப் போதுமான அளவு குறைப்பதில்லை. ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று குறைந்தது 10 நிமிடம், முடிந்தால் 30 நிமிடம் கொதிக்க வேண்டும். 80 டிகிரியில் மெதுவாக வேகவைப்பது பச்சையாகத் தின்பதைவிடவும் மோசமாகலாம், ஆகவே கொதி வராத மந்தமான சூட்டை நம்பாதீர்கள். வாந்தியை "நல்ல அறிகுறி" என்று சொல்லும் ஒருவரின் பேச்சை, குழந்தை இருக்கும் வீட்டில் இனி ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இந்த வாரமே பார்க்க வேண்டியவை

மாதவிடாய் நின்றதற்கு முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள். அது இல்லை என்றால், நான்கு மாதத்தில் எட்டு கிலோ இறங்கியதே காரணமாக இருக்க அதிக வாய்ப்பு உண்டு. வரும் சக்தி போதாதபோது உடம்பு முதலில் நிறுத்தி வைப்பது கருமுட்டை வெளியாவதைத்தான். ஜெர்மனியின் கீசன் நகரில் நீண்டகாலம் பச்சை உணவு உண்டவர்களை ஆராய்ந்து 1999-இல் வெளியிட்டார்கள்; 45 வயதுக்கு உட்பட்ட பெண்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கு மாதவிடாய் ஓரளவோ முழுவதுமோ நின்றிருந்தது. இதைச் 'சுத்தமாகிறது' என்று விட்டுவிட்டால் ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பு அடர்த்தி இறங்கும். தைராய்டு, புரோலாக்டின், ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் பரிசோதனைகளோடு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். எடை இனி ஒரு கிலோகூடக் குறையக் கூடாது.

கணவர் விஷயம் இதைவிட அவசரம். மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் சர்க்கரை தாழ்வது அரிது. ஆனால் கிளிமிபிரைடு, நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டிக்கொண்டே இருக்கும். மாவுச்சத்தும் எடையும் குறைந்த ஒருவர் பழைய அளவிலேயே அந்த மாத்திரையை விழுங்கினால் சர்க்கரை சட்டென்று இறங்கும். நடுக்கம், வியர்வை, படபடப்பு, பேச்சுத் தடுமாற்றம் வந்தால் உடனே சோதியுங்கள். 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் தப்பு, மாற்றாமல் தொடர்வதும் தப்பு. ஒரு வாரம் காலை வெறும் வயிற்றிலும், சாப்பாட்டுக்கு முன்னும், இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்துக் குறித்து வைத்து, அந்தத் தாளோடு மருத்துவரிடம் போனால் அளவைக் குறைக்க அவருக்கே வசதியாக இருக்கும். அவருடைய முயற்சி வீண் என்று நான் சொல்லவில்லை. காய்கறி கூடி, எடை குறைந்தால் சர்க்கரை பெரும்பாலும் இறங்கும். அதற்கு அடுப்பை மூட வேண்டிய அவசியம்தான் இல்லை.

என்சைம் கணக்கு

உணவில் உள்ள என்சைம்தான் நம் செரிமானத்தைச் செய்கிறது, சூடாக்கினால் அது செத்துவிடும், உடம்பின் சேமிப்பு கரையும் என்ற கருத்தை 20-ஆம் நூற்றாண்டில் எட்வர்ட் ஹவல் என்ற அமெரிக்க மருத்துவர் பரப்பினார். என்சைம் என்பது ஒரு புரதம். வயிற்று அமிலத்தில் விழுந்ததும் அதில் பெரும்பகுதி மற்ற புரதங்களைப் போலவே உருக்குலைந்து துண்டாகிவிடும். செரிமானத்துக்கு வேண்டிய என்சைமை உமிழ்நீர்ச் சுரப்பியும் வயிறும் கணையமும் சிறுகுடலும் அன்றாடம் தயாரித்துக்கொள்கின்றன. தீர்ந்துபோகும் சேமிப்பு என்று ஒன்று கிடையாது. பச்சை உணவுக்காரர்கள் தாண்டக் கூடாது என்று சொல்லும் 42 டிகிரியும் இயற்கையின் எல்லைக்கோடு அல்ல, ஒவ்வொரு என்சைமும் செயலிழக்கும் வெப்பம் வேறு வேறு.

ஆனால் இதில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது, அதை உங்கள் சமையலறையில் பயன்படுத்திக்கொள்ளலாம். சில என்சைம்கள் விழுங்கும் முன்பே, கத்தி பட்ட கணத்தில் வேலை செய்கின்றன. பூண்டை நசுக்கினால் அல்லினேஸ் என்ற என்சைம் அல்லிசினை உண்டாக்குகிறது. புரோக்கோலியை நறுக்கினால் மைரோசினேஸ் என்ற என்சைம் சல்ஃபோராஃபேனை உண்டாக்குகிறது. இரண்டும் உடம்புக்கு நல்லவை என்று கருதப்படும் பொருள்கள். பூண்டை நசுக்கி 10 நிமிடம், புரோக்கோலியைப் பொடியாக நறுக்கி 40 நிமிடம் விட்டுவிட்டு அப்புறம் சமையுங்கள். என்சைம் அதற்குள் தன் வேலையை முடித்திருக்கும். வைட்டமின் சி சூட்டில் குறைவது உண்மைதான். தக்காளியின் லைக்கோபீனும் கேரட்டின் பீட்டா கரோட்டினும் சமைத்தால்தான் நன்றாகச் சேர்கின்றன. இரண்டு வகையும் தட்டில் இருக்கட்டும்.

ஜாடிக்குள் யாருக்குக் காவல்?

சமைக்காத, 'உயிருள்ள உணவு' என்றால் அதில் எல்லாமே உயிரோடு இருக்கும், வேண்டாத பாக்டீரியாவும் சேர்த்து. ஆகவே ஒவ்வொரு பண்டத்தையும் பார்க்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: இதில் கிருமியைத் தடுக்கும் காவல் எது? உப்பா, புளிப்பா, குளிரா, வறட்சியா, சூடா? நீங்கள் பயந்துகொண்டிருக்கும் கோஸ் ஜாடியில் உப்பு, புளிப்பு என்று இரண்டு காவல் இருக்கிறது. பயமில்லாமல் சாப்பிடும் முளைப்பயறில் ஒன்றுகூட இல்லை. இந்தப் பயத்தைத்தான் நீங்கள் இடம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

முளைகட்டும்போது விதைக்குத் தேவைப்படும் வெதுவெதுப்பும் ஈரமும் இரண்டு மூன்று நாள் அவகாசமும் சால்மோனெல்லா, ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாக்களுக்கும் அப்படியே பொருந்தும். கிருமி பெரும்பாலும் உங்கள் கையிலிருந்து வருவதில்லை, விதையோடு வருகிறது. விதைத்தோலின் கீறல்களுக்குள் ஒண்டியிருப்பதால் எத்தனை முறை அலசினாலும் முழுக்கப் போகாது. 2011-இல் ஜெர்மனியில் வெந்தய முளையால் பரவிய ஈ.கோலை ஓ104 தொற்றில் 3,800-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஏறக்குறைய அதே சமயத்தில் பிரான்சில் அதே விதைத் தொகுதியிலிருந்து வேறு கைகள் வளர்த்த முளையைச் சாப்பிட்டவர்களுக்கும் அதே தொற்று வந்தது. வீட்டில் செய்தது, சுத்தமாகச் செய்தது என்பதெல்லாம் இங்கே முழுப் பாதுகாப்பு ஆகாது.

சாப்பிடுவதற்கென்று விற்கும் விதையை மட்டும் வாங்குங்கள். விதைப்புக்கு விற்கும் விதையில் பூஞ்சைக்கொல்லி பூசியிருக்கலாம். கிருமியைக் குறைக்க வீட்டில் செய்யக்கூடிய சிறந்த வழி இது. மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைப் பாத்திரத்தில் ஊற்றி, வெப்பமானி வைத்து 60 டிகிரிக்குச் சூடாக்கி, அதே சூட்டில் நிறுத்துங்கள். விதையைச் சிறு வலை வடிகட்டியில் போட்டு அதில் 5 நிமிடம் முக்கி, நிமிடத்துக்கு ஒரு தரம் சுழற்றுங்கள். எடுத்து ஓடும் தண்ணீரில் ஒரு நிமிடம் அலசி, பிறகு விதை மூழ்கி மேலே இரண்டு விரல் தண்ணீர் நிற்கும்படி ஊற்றுங்கள். மேலே மிதக்கும் தோல், தூசி, உடைந்த விதை எல்லாவற்றையும் வழித்து எறியுங்கள், கிருமி அதிகம் ஒட்டியிருப்பது அவற்றில்தான். பெராக்சைடைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள்.

அதன் பிறகு பச்சைப்பயறை 8 முதல் 12 மணி நேரம் ஊறவையுங்கள். ஜாடியில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் விதை வேண்டாம், அது பெருகும். வாயில் வலை கட்டி, 45 டிகிரி சாய்வில் தலைகீழாக வைத்துத் தண்ணீரை முழுதாக வடியவிடுங்கள். நாற்றம் வருவதற்குப் பெரும்பாலும் காரணம் அடியில் தேங்கும் அந்த ஒரு ஸ்பூன் தண்ணீர்தான். நாளுக்கு இரண்டு மூன்று தரம் குளிர்ந்த குடிநீரில் அலசுங்கள். முளை ஒன்றரை சென்டிமீட்டர் வந்ததும், கடைசி அலசலுக்குப் பின் சில மணி நேரம் ஈரம் உலரவிட்டு, 4 டிகிரி ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

முள்ளங்கி முளையில் நீங்கள் பார்த்த வெள்ளைப் பஞ்சு பெரும்பாலும் பூஞ்சையாக இருக்காது, வேர்த்தூவியாக இருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வேர்த்தூவி ஒவ்வொரு வேரைச் சுற்றியும் பாட்டில் பிரஷ் போலச் சீராக நிற்கும், அடுத்த அலசலுக்கு முன் நன்றாகத் தெரியும், தண்ணீர் பட்டதும் வேரோடு ஒட்டி மறைந்துவிடும், வாசனை புத்தம்புதிதாக இருக்கும். பூஞ்சையோ சிலந்தி வலை மாதிரி ஒரு விதையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும், சாம்பல் நிறம் தட்டும், அலசினாலும் போகாது, மக்கல் வாடை அடிக்கும். அப்படியானால் ஜாடி முழுவதும் குப்பைக்கு. சால்மோனெல்லாவுக்கு மட்டும் வாடையும் இல்லை, நிறமும் இல்லை என்பதை மறக்க வேண்டாம்.

ஆகவே என் தீர்ப்பு இது: நல்ல உடல்நிலையில் இருக்கும் பெரியவர் ஒருவர், ஆபத்தை அறிந்து, எப்போதாவது ஒரு கைப்பிடி பச்சை முளை சாப்பிடுவது அவர் முடிவு. மகளுக்கும் மாமியாருக்கும் நாத்தனாருக்கும் பச்சை முளை ஒரு ஸ்பூன்கூட வேண்டாம். உள்ளே வரை ஆவி பறக்கும்படி வேகவைத்துக் கொடுங்கள். ராஜ்மாவும் அதன் இனத்து பீன்ஸ் வகைகளும் சோயாவும் யாருக்குமே பச்சை முளையாகக் கூடாது. சோளத்தையும் இந்தப் பட்டியலில் சேருங்கள் (மக்காச்சோளம் அல்ல): முளைக்கும்போது அதில் துரின் என்ற பொருள் கூடி, சயனைடை வெளியிடும். லூபஸ் (உடம்பின் எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்கும் நோய்) இருப்பவர்கள் அல்ஃபால்ஃபா (குதிரை மசால்) முளையைத் தொடக் கூடாது.

கோஸ் ஜாடி

இது உங்கள் வீட்டிலேயே மிக நம்பகமான உயிருள்ள உணவு, கணக்கு சரியாக இருந்தால். நறுக்கிய கோஸ் 1 கிலோவுக்கு உப்பு 20 கிராம், தராசில் நிறுத்துத்தான். கல்லுப்பும் தூளுப்பும் ஸ்பூனில் ஒரே எடை வராது. 10 நிமிடம் பிசைந்தால் சாறு விடும். ஜாடியில் காற்றில்லாமல் அழுத்தி, மேலே 5 சென்டிமீட்டர் இடம் விட்டு, கனமான எதையாவது வைத்துக் கோஸ் சாற்றுக்குள் மூழ்கியே இருக்கும்படி பாருங்கள். சாறு போதாவிட்டால் லிட்டருக்கு 20 கிராம் உப்புக் கரைத்த தண்ணீர் ஊற்றலாம். 18 முதல் 22 டிகிரியில் இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். அதைவிடச் சூடான இடத்தில் சீக்கிரம் புளிக்கும், ஆனால் தளர்ந்துபோகும். முதலில் லியூகோநாஸ்டாக் பாக்டீரியா வாயுவைக் கிளப்பிக் காற்றை வெளியேற்றும், புளிப்பு ஏறியதும் லாக்டோபேசில்லஸ் வகை பொறுப்பேற்கும். முதல் சில நாள் மூடியை லேசாகத் திறந்து வாயுவை விடாவிட்டால் ஜாடி வெடிக்கக்கூடும். புளிப்பை அளக்கும் பிஎச் தாள் வாங்கி வையுங்கள் (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்): 4.6-க்குக் கீழே இறங்கியே ஆக வேண்டும், நல்ல ஜாடியில் 3.5-ஐ ஒட்டிப் போகும். உப்பைக் குறைத்தால் இந்த வரிசையே குலைந்து கோஸ் கொழகொழத்துவிடும்.

நீங்கள் சொல்லும் ஏடு தட்டையாக, சுருக்கம் விழுந்து, வெள்ளையாக இருந்தால் அது காம் ஈஸ்ட். கெடுதல் இல்லை, ருசியைத்தான் கெடுக்கும். வழித்துவிட்டு அழுத்தி மூழ்கவையுங்கள். ரோமம் போல எழும்பியிருந்தாலோ பச்சை, கருப்பு, இளஞ்சிவப்பு நிறம் தெரிந்தாலோ முழுவதையும் கொட்டுங்கள். மாமியாருக்கு இதிலும் அளவு உண்டு. 100 கிராமில் 2 கிராம் உப்பு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் நாள் முழுவதற்கும் சொல்லும் வரம்பே 5 கிராம்தான். அவருக்கு இரண்டு ஸ்பூன் போதும்.

பாதாம் பால், முந்திரி, உலர்த்தி

பருப்பை வெளியே வைக்காமல் ஃப்ரிட்ஜுக்குள்ளேயே 8 முதல் 12 மணி நேரம் ஊறவையுங்கள். ஊறியதைக் கொதிநீரில் 2 நிமிடம் போட்டு எடுத்தால் மேற்பரப்புக் கிருமி அடங்கும், தோலும் எளிதாக உரியும். ஒரு கப்புக்கு மூன்று நான்கு கப் தண்ணீர் விட்டு அரைத்து வடிகட்டி, மூன்று நாளுக்குள் குடித்துவிடுங்கள். கொதிநீர் பட்டால் 'பச்சை' போய்விடுமே என்று தயங்க வேண்டாம். வட அமெரிக்காவில் விற்கும் கலிஃபோர்னியா பாதாமைப் பெரும்பாலும் 2007 செப்டம்பர் முதலே கிருமிநீக்கம் செய்துதான் அனுப்புகிறார்கள், சால்மோனெல்லா தொற்றுகள் வந்த பிறகு கொண்டுவந்த விதி அது. முந்திரியும் 'பச்சை' அல்ல. ஓட்டில் தோலைப் பொசுக்கும் எண்ணெய் இருப்பதால் ஆவியிலோ நெருப்பிலோ சூடாக்கித்தான் உடைக்கிறார்கள்.

உலர்த்தியில் ஈர மாவை 42 டிகிரியில் பதினைந்து மணி நேரம் வைப்பது கிருமிக்கு ஒரு இன்குபேட்டர் வைத்துக் கொடுப்பது போல. 5-க்கும் 60-க்கும் இடைப்பட்ட சூடுதான் கிருமி பெருகும் எல்லை. மாவை அரை சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, முதல் இரண்டு மணி நேரம் 63 டிகிரியில் ஓட்டுங்கள். ஈரம் ஆவியாகும்போது மாவு குளிர்வதால் அதன் உள்சூடு உலர்த்தி காட்டும் டிகிரியைவிடக் குறைவாகவே இருக்கும். பிறகு 46-க்கு இறக்கி, திருப்பிப் போட்டு, மடக்கினால் படக்கென்று ஒடியும் வரை காயவிடுங்கள். வறட்சி கிருமி பெருகுவதை நிறுத்தும், அதைக் கொல்லாது. அதனால் ரொட்டிக்கும் கொதிநீர் கண்ட பருப்பே நல்லது. கசக்கிற, சுருங்கிய, பூத்த பருப்பை எறிந்துவிடுங்கள், பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு எந்தச் சூட்டிலும் எளிதில் போகாது. நசுக்கிய பூண்டை எண்ணெயில் போட்டு வைப்பதானால் ஃப்ரிட்ஜில் நான்கு நாள்தான். வெளியே வைத்தால் காற்றில்லாத அந்த எண்ணெய்க்குள் கொடிய நச்சை உண்டாக்கும் பொட்டுலிசக் கிருமி வளரக்கூடும்.

தட்டு எப்படி இருக்கலாம்

முழுப் பச்சை உணவைத் தொடர்வது, அதை ஒரு பங்காகக் குறைப்பது, அடியோடு விடுவது என்று மூன்று வழி இருக்கிறது. உங்கள் மாதவிடாயும் கணவரின் மாத்திரையும் சரியாகும் வரை முதல் வழி உங்கள் இருவருக்கும் பொருந்தாது, மகளுக்கு எப்போதுமே பொருந்தாது. இரண்டாவது வழியைத்தான் நான் சொல்வேன். தட்டில் மூன்றில் ஒரு பங்கு பச்சைக் காயும் பழமும், பக்கத்தில் புளித்த கோஸ், மீதி நன்றாக வெந்த பருப்பும் தானியமும் காய்கறியும். நான்கு வயதுக் குழந்தையின் வயிறு சின்னது. பச்சைக் காய் இடத்தை அடைத்துக்கொள்ளும், சக்தி கொடுக்காது. வடிகட்டிய பாதாம் பாலில் புரதமும் கால்சியமும் பசும்பாலை எட்டாது. அதைப் பாலுக்கு ஈடாக வைக்காதீர்கள். பாதாம், முந்திரி போன்ற முழுக்கொட்டைகள் ஐந்து வயது வரை தொண்டையில் சிக்கக்கூடும், பொடித்தோ அரைத்தோ கொடுங்கள்.

பி12 பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் கேட்கிறேன். பெரியவருக்கு நாளுக்கு 2.4 மைக்ரோகிராம் வேண்டும். பச்சைத் தாவர உணவில் நம்பத் தகுந்த பி12 இல்லை. ஸ்பைருலினா என்ற பாசியில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடம்புக்கு உதவாத போலி வடிவம். ஈரலில் சேமிப்பு இருப்பதால் நான்கு மாதத்தில் பெரிதாகத் தெரியாது, ஆனால் கணவர் ஆறு வருடமாக மெட்ஃபார்மின் எடுக்கிறார், அதுவே பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். கீரைகளில் இருக்கும் ஃபோலேட் என்ற வைட்டமின், பி12 குறைவால் வரும் ரத்தசோகையை மறைத்துவிடலாம், நரம்பு மட்டும் உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். பாதம் மரத்துப்போவதைச் சர்க்கரையின் தலையில் கட்டிவிடாமல் ரத்தத்தில் பி12 பாருங்கள். கீரைச் சாற்றைத் தினமும் பெரிய தம்ளரில் குடிப்பதையும் நிறுத்துங்கள். பசலை போன்றவற்றில் இருக்கும் ஆக்சலேட் என்ற பொருள் சிறுநீரகத்தில் படியலாம், வேகவைத்து வடித்தால் அதில் கணிசமான பகுதி போய்விடும். மாமியார் வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை) எடுப்பவராக இருந்தால் கீரையின் அளவை மருத்துவரைக் கேட்காமல் கூட்டவும் வேண்டாம், திடீரென்று குறைக்கவும் வேண்டாம்.

நாத்தனார் வருவதற்கு முன் ஃப்ரிட்ஜில் இருக்கும் பச்சை முளைகளைக் கொட்டி, ஜாடிகளையும் வலைகளையும் கொதிநீரில் போட்டு எடுங்கள். வீட்டில் யாருக்காவது பச்சை முளை சாப்பிட்ட பத்து நாளுக்குள் கடும் வயிற்று வலியோ மலத்தில் ரத்தமோ வந்தால், வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள், அது சிறுநீரகப் பாதிப்பின் ஆபத்தைக் கூட்டக்கூடும். அன்றே மருத்துவமனைக்குப் போய், கேட்கும் வரை காத்திராமல், முளை சாப்பிட்ட விவரத்தையும் தேதியையும் முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள்.